கிணற்றுக்குப் போன மங்கல் மீன்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மாடித் தொட்டி வலை மேல் கரித்தூள். கழுவி முடிக்க ஒரு மணி நேரம்.

பள்ளிக்கூட லேப் வேலைக்கு அரை நாள் லீவு போட்டேன். கல்லூரி ஆய்வாளர் நர்மதா வந்தாள். என் நாற்பது புள்ளிக்கெண்டைக்கும் வால் ஓரத்தில் துளி நறுக்கிக் குப்பியில் போட்டாள். மரபணுச் சோதனைக்கு. தேறினால் புழல் பக்கம் காவல் உள்ள ஒரு குளத்தில் விடுவார்கள். இந்த வகை வாழ்ந்த ஒரே குளம் இப்போது லாரி நிறுத்தம். தூர்ப்பதற்கு முன் ஒன்பது மீன் பிடித்து வந்தவள் நான். பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

வாங்க: கல் உப்பு, ஏர் பம்ப் குழாய், வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

ஜூலை 21, திங்கள்

நர்மதா போன். நாற்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரியாம். ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். குளத்தில் விட முடியாது.

"எப்படிக்கா ஜோடி சேர்த்தீங்க?"

மீன் வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான். குஞ்சு வளர்ந்ததும் சிவப்புக் கோடு பளிச்சென்று இருப்பதை வைத்துக்கொள்வது, மங்கலைக் கழிப்பது. எட்டு வருஷமாக. அழகு பார்த்துப் பார்த்தே குடியைக் கெடுத்திருக்கிறேன். சோறு இறங்கவில்லை. "மீனுக்கா அழுவுற?" என்றார் அவர். ஆமாம், மீனுக்குத்தான்.

கழித்தவை? கொல்ல மனசு வராமல் வாளி வாளியாக எல்லம்மா அக்கா வீட்டுக் கிணற்றில் விட்டேன், கொசுப்புழு தின்னட்டும் என்று. அக்கா காசிமேட்டில் கடல் மீன் விற்பவள். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, கிணற்றைத் தூர்க்கப்போகிறேன் என்று போன வாரம்தான் சொன்னாள். ஐயோ.

ஜூலை 22, செவ்வாய்

விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்கா வாசலில் ஒரு வண்டி செங்கல் உடைசல். பாதி உயிர் போய்விட்டது.

"இன்னா டீச்சரு, இப்டி மூச்சு வாங்கினு கீற? கெணறு எங்கியும் ஓடல. கொத்தனாரு நாளிக்குத்தான் வர்றாரு."

"மீன் இருக்கா அக்கா?"

"நீ கொட்ன கலீஜ் மீனா? பெருகிகினு கீது."

"அதுதான் வேணும். மூடாதீங்க."

"வேணாம்னுதான என் தலைல கட்ன? இப்ப இன்னா திடீர் பாசம்?"

நியாயமான கேள்வி. நடந்ததைச் சொன்னேன். வெற்றிலை மென்றபடி கேட்டாள். பிறகு கொத்தனாருக்கு போன் போட்டாள்: "நைனா, நாளிக்கு வராத."

அவள் வலையில் கண் பெரிது. என் பழைய துப்பட்டாவால் அள்ளினோம். முப்பத்தொன்று. அத்தனையும் மங்கல். நர்மதாவுக்குச் சொல்லியாயிற்று; நாளைக்கே வந்து இவற்றின் வாலிலும் துளி எடுப்பாளாம்.

ஆகஸ்ட் 6, புதன்

மூட்டம். மழை இல்லை.

நர்மதா போனில் கத்தினாள். என் தொட்டியில் தொலைந்த மரபெல்லாம் கிணற்றில் இருக்கிறதாம். முதலில் பிடித்த ஒன்பதில் ஏழு குடும்பத்து வாரிசு! போனைத் தொட்டியில் போட இருந்தேன்.

இனி ஜோடியை நான் பொறுக்கக் கூடாது. ஒரு பக்கம் மாடி மீன், மறுபக்கம் கிணற்று மீன், சீட்டுக் குலுக்கல். எல்லம்மா அக்காவே மாடியேறி வந்து எடுத்தாள். முதல் சீட்டு: என் மீன்களிலேயே சிவப்பான ஆணுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு பெண். வால் வேறு கோணல்.

"மாப்ள ஷோக்கா கீறான். பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு!"

இன்னொரு சீட்டு எடுக்கச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டேன்.