பூட்டி வைத்த எண்

பிப்ரவரி 11, புதன்

காலைக் கூட்டம் ஒன்றேகால் மணி நேரம். அதில் எனக்கு ஒதுக்கியது ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் என் தலையில் மறைவெண்ணைக் கட்டிவிட்டார்கள்.

முன்மொழிந்தவன் புன்னகை. (அவனுக்கு நான் வைத்த பெயர். தூங்கும்போதும் சிரிப்பான், நான்கு வருடம் ஒரே விடுதி அறையில் பார்த்தவன் சொல்கிறேன்.) இப்போது குழுத் தலைவன். "இதுக்கு உன்ன விட்டா ஆளே இல்லடா. நீதான் யாரையும் நம்பமாட்டியே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

மறைவெண் என்றால் என்ன என்று சாப்பிடும்போது மகள் கேட்டாள். விளக்கினேன். ஈய அணுக்கருக்கள் இரண்டை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிடுகிறோம். கண நேரம்கூட நிலைக்காத ஒரு கொதிக்குழம்பு உண்டாகிறது. கனமான குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் கட்டிப்பிடித்த ஜோடிகள் அதில் அகப்பட்டு உருகிப் பிரிகின்றன. இறுக்கமான ஜோடி தாக்குப்பிடிக்கும். தளர்ந்த ஜோடி முதலில் போகும். குழம்பே இல்லையென்றால் நூறு ஜோடி பிழைத்திருக்க வேண்டும். உண்மையில் பிழைத்தவை எத்தனை? அந்த எண்தான் எங்கள் பிழைப்பு. ஆனால் விடை முன்னமே தெரிந்தால் மனிதன் அதற்கேற்பக் கணக்கை வளைப்பான். ஆகவே கணினி தானே ஒரு எண்ணைத் தேர்ந்து, எல்லா விடைகளையும் அதனால் பெருக்கித்தான் எங்களுக்குக் காட்டும். அந்த எண் இருக்கும் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு. கடவுச்சொல் என்னிடம். நானும் திறக்கக் கூடாது. எல்லாத் திருத்தங்களும் முடிந்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் திறப்பு.

"காணாமப் போனத எண்ணுறதுக்கு இருபது வருஷம். இப்ப அத ஒளிச்சு வைக்க தனியா ஒரு ஆளு. நல்ல ஆபீஸுங்க உங்களது" என்றாள் மனைவி.

மகள் இருமும் அளவுக்குச் சிரித்தாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஏன் எனக்குக் கொடுத்தான்? இரண்டு நாளாக அதே கேள்வி.

பதினாறு வருடங்களுக்கு முன் நான் எழுதிய கட்டுரையில், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் இடைப்பட்ட நடுத்தர ஜோடிகள், நேருக்கு நேர் மோதலில், நூற்றுக்கு எட்டுதான் பிழைக்கும் என்று கணக்கிட்டிருந்தேன். அடுத்த ஆண்டே அவன் எழுதினான்: பிரிந்தவற்றில் சில மறுபடி சேர்ந்துகொள்ளும், ஆகவே பதினைந்து. மாநாட்டில் பேச அவனை அழைத்தார்கள். என்னை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவன் தன் உரையில் என் எட்டை "ஆரம்பகால மதிப்பீடு" என்றான். ஆரம்பகாலமாம். இரண்டுக்கும் பதினோரு மாத இடைவெளி.

இந்த முறை அளவீடு யார் சரி என்று சொல்லிவிடும். அதன் சாவியை என்னிடமே தருகிறான். இவ்வளவு பெருந்தன்மை எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 19, வியாழன்

நடைவழியில் புன்னகையும் எறும்பும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அவள் கையில் காகிதம்; அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

எறும்பு என்பது கணக்கு முழுவதையும் செய்யும் ஆய்வாளர். ஒப்பந்த வேலை, செப்டம்பரில் முடிகிறது. முப்பது வயதுக்குள் முதுகு வளைந்துவிட்டது. "வணக்கம் சார்" என்றாள். வணக்கத்துக்கு எதற்கு இவ்வளவு தடுமாற்றம்?

பிப்ரவரி 24, செவ்வாய்

மாடிவீட்டுக்காரர் என் செய்தித்தாளை முதலில் படித்துவிட்டுத்தான் வாசலில் போடுகிறார். மடிப்பு வேறாக இருக்கிறது.

மார்ச் 2, திங்கள்

கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன்.

மறைவெண் கோப்பு கடைசியாக எப்போது தொடப்பட்டது என்று பார்த்தேன். நேற்று, ஞாயிறு, பிற்பகல் 3.12. அப்போது நான் வீட்டில் ஒழுகும் குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. எறும்பு சென்ற வாரம் மியூவான்களின் உந்த வரம்பை நான்கிலிருந்து மூன்றரைக்கு இறக்கியிருக்கிறாள். (ஜோடி கடைசியில் இரண்டு மியூவான் துகளாகத்தான் எங்கள் கருவிக்கு வந்து சேரும், எவ்வளவு மெதுவானவற்றைச் சேர்ப்பது என்பதுதான் வரம்பு.) இத்தனை மாதம் நான்காக இருந்ததை இப்போது ஏன் மாற்ற வேண்டும்? விடையைப் பார்க்காதவளுக்கு மாற்ற வேண்டும் என்று எப்படித் தோன்றியது?

பார்த்திருக்கிறார்கள். கடவுச்சொல்லை எப்படியோ — நான் தட்டச்சு செய்யும்போது புன்னகை பின்னால் நின்றானே, தேநீர்க் குவளையோடு!

மார்ச் 3, செவ்வாய்

திறந்தேன்.

எழுதிப் பார்க்கும்போது ஒரே சொல்லாக இருக்கிறது. அதைச் செய்வதற்கு முன் அரை மணி நேரம் அறைக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நியாயம் இதுதான்: அவர்கள் பார்த்துவிட்டுக் கணக்கை வளைத்திருந்தால், அதை நிரூபிக்க உண்மையான விடை தெரிய வேண்டும். வேறு வழி இருந்ததா? இருந்தது. புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மறைவெண் 1.37. எறும்பின் வரைபடத்தில் நிற்கும் எண்ணை அதனால் வகுத்தேன்.

பதினைந்து.

பதினான்கு இல்லை, பதினாறு இல்லை. அவன் அன்று மேடையில் சொன்ன அதே பதினைந்து. ஒரு அளவீடு இவ்வளவு கீழ்ப்படிந்து வருமா?

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் முதல் கேள்வி, "உனக்கு எப்படித் தெரியும்?" திருடனைப் பிடிக்கச் சுவரேறிக் குதித்தவன் கதையாகிவிட்டது என் கதை.

மார்ச் 6, வெள்ளி

மூன்று நாளாக எறும்பின் நூற்றுப்பத்துப் பக்கக் குறிப்பை வரி வரியாகப் படிக்கிறேன். பிழை இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

"என்னங்க, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒருத்தன் காப்பியடிச்சதக் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சா?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். என் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 9, திங்கள்

கிடைத்துவிட்டது!

நெரிசலான மோதல்களில் எங்கள் கருவி சில மியூவான்களைத் தவறவிடும். எத்தனை தவறுகிறது என்று அறிய, கணினியில் செய்த பொய் ஜோடிகளை உண்மையான மோதல்களுக்குள் ஒளித்துவைத்து, எத்தனை அகப்படுகின்றன என்று பார்ப்போம். அதற்கேற்ப விடையை உயர்த்துவோம். எறும்பு உண்மைத் தரவில் இரட்டை மோதல்களை, அதாவது ஒன்றின்மேல் ஒன்று விழுந்தவற்றை, நீக்கியிருக்கிறாள். பொய் ஜோடிகளை ஒளித்த மோதல்களில் நீக்கவில்லை. அங்கே நெரிசல் அதிகம். தவறுவதும் அதிகமாகத் தெரியும். விடை தேவைக்குமேல் உயர்ந்துவிடும்.

திருத்தினால் பன்னிரண்டு அளவுக்கு இறங்கும். தோராயமாகப் போட்டுப் பார்த்தேன்.

எட்டுக்கு இன்னும் நான்குதான்.

மார்ச் 10, செவ்வாய்

கூட்டத்தில் சொன்னேன். எறும்பின் முகம் வெளுத்துவிட்டது. புன்னகை புருவத்தைத் தூக்கி, "அடப்பாவி, நாங்க பத்துப் பேர் படிச்சோம். யார் கண்ணுலயும் படலையே" என்றான். பாராட்டா, பயமா? அவன் முகத்தில் எதையும் படிக்க முடியாது. அதற்குத்தானே அந்தச் சிரிப்பு.

மார்ச் 12, வியாழன்

இன்னொரு பிழை. தேடாமலே கண்ணில் பட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்த, குழம்பு உண்டாகாத புரோட்டான் மோதல்களில், ஒரு வாரம் கருவியின் ஒரு பகுதி அணைந்து கிடந்திருக்கிறது. அந்த இழப்பை இரண்டு முறை ஈடுகட்டி, ஒப்பீட்டு எண்ணை ஊதவைத்திருக்கிறாள். திருத்தினால் விடை ஏறும். ஒன்று, ஒன்றரை ஏறலாம்.

இதைச் சொல்லவில்லை.

அவர்கள் குறிப்பு, அவர்களே பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் நானா?

மார்ச் 16, திங்கள்

அந்த ஒன்றரை மனத்தைவிட்டுப் போக மறுக்கிறது. விடை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா என்றே தெரியாதவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? சொல்லியிருப்பேன். பெருமையோடு சொல்லியிருப்பேன், ஒரே குறிப்பில் இரண்டு பிழை பிடித்தவன் என்று.

மார்ச் 18, புதன்

எறும்பு என் அறைக்கு வந்தாள். கதவருகிலேயே நின்றாள். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

"சார், நீங்க மட்டும்தான் முழுசாப் படிச்சிருக்கீங்க. மத்தவங்கல்லாம் 'குட் வொர்க்'னு ஒரு வரி. இன்னும் ஏதாவது கண்ணுல பட்டுச்சா சார்?"

"இல்ல" என்றேன்.

பிறகு, சும்மா கேட்பதுபோல், "அந்த வரம்ப ஏன் மூன்றரைக்கு எறக்கினீங்க?" என்றேன்.

விழித்தாள். "நீங்க சொன்னதுதானே சார்? ரெண்டு வருஷம் முன்னாடி, போன பேப்பருக்கு நீங்க எழுதின கமெண்ட். நாலுல வெட்டினா மெதுவான ஜோடியெல்லாம் போயிடும்னு. பழசெல்லாம் தேடி எடுத்துப் படிச்சேன். அப்ப யாரும் செய்யலயாம்."

ஆமாம். எழுதினேன். யாரும் மதிக்கவில்லை என்று அப்போது இதே நோட்டில் இரண்டு பக்கம் புலம்பியுமிருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

கணினி அறைப் பொறுப்பாளரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு யார் உள்ளே வந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல சார். மிஷின்தான். மாசத்துல மொத ஞாயிறு மூணு மணிக்கு பேக்கப் ஓடும். எல்லா ஃபைலையும் ஒரு தொடு தொட்டுட்டுப் போகும்." பிறகு என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். "ஏன் சார், உங்க ஃபைல்ல அப்படி என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

ஆக, எவரும் திறக்கவில்லை. திறந்த ஒருவன் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் நடைவழிப் பேச்சு? அந்தக் காகிதம்? அது என்ன?

மார்ச் 23, திங்கள்

வரும் திங்கள் திறப்பு. சொன்னால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்தேன். இந்தக் கட்டுரையிலிருந்து என் பெயர் போகும். சிரிப்பார்கள். புது மறைவெண், புதுக் காவலன், எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. நான்கு மாதமாவது ஆகும். எறும்புக்குச் செப்டம்பர் வரைதான் வேலை. கையில் கட்டுரை இல்லாமல் அடுத்த வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பாள்?

அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று இன்று மதியம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன சுகமான பொய்! ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது.

மார்ச் 25, புதன்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு பாக்கலியா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு?"

"இல்ல."

"அப்ப நீங்க ஒருத்தர்தானா?" ஒரு சட்டையை இரண்டு முறை மடித்தாள். "என் ஃபோனக்கூட எடுத்துப் பாத்தீங்க, ஒரு தடவ. ஞாபகம் இருக்கா? நான் எதுவும் கேக்கல."

எனக்கு நினைவிருந்தது. அவளுக்குத் தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்ச் 26, வியாழன்

புன்னகையின் அறை. கதவைச் சாத்தினேன்.

"என்னடா, மூஞ்சி இப்படி இருக்கு? வீட்ல எதாவது—"

"நான் தெறந்துட்டேன்."

"எத?"

"மறைவெண்ண. மூணாந்தேதி. விடையும் பாத்தேன். நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சு."

சிரிப்பு நின்றது. முப்பது வருடத்தில் அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்ததில்லை. வயதான வேறு யாரோபோல் இருந்தான்.

"எவ்ளோ?" என்றான். கேட்ட வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "டேய், சொல்லாத! சொல்லிடாத! வாய மூடு!" இரண்டு கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டான், இடிச்சத்தத்துக்குப் பயந்த சின்னப் பிள்ளை மாதிரி.

பார்த்தவன் காதைப் பொத்துவானா?

கையை எடுக்க வெகுநேரமாயிற்று. "உன்னத்தாண்டா நம்பிக் குடுத்தேன்" என்றான் பிறகு. "விடை தனக்கு எதிரா வந்தாலும் இவன் ஒரு புள்ளி மாத்தமாட்டான்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டுக் குடுத்தேன். அந்தப் பொண்ணுகூட அன்னிக்கு நடைவழியில ஒரு தாளக் காட்டிக் கேட்டுச்சு, தன் குறிப்பப் படிக்க சார் ஒத்துப்பாரான்னு."

அதுவும் எவ்வளவு உண்மையோ. ஆனாலும் இரண்டாவது பிழையை ஒரு தாளில் எழுதி அவன் மேசையில் வைத்தேன். "இது ஏத்தும்" என்றேன். "இதச் சொல்லாம வெச்சிருந்தேன்."

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

திறப்பு இல்லை. வேறு ஊர்க் குழுவிலிருந்து ஓர் அம்மையார் புதுக் காவலர். என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், மின்னழுத்தச் சோதனை. ஜன்னல் இல்லாத அறை.

எறும்பு மாடிப்படியில் எதிர்ப்பட்டாள். வணக்கம் சொல்லவில்லை.

ஜூன் 8, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

எறும்பின் ஒப்பந்தத்தை அடுத்த மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். புன்னகை மூன்று முறை மேலிடத்துக்குப் போனானாம். ஏன் போனான் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அவளுக்கு அது தேவை, அதனால் போனான் என்று இருக்கலாம். அப்படியும் இருக்கலாம்.

அக்டோபர் 14, புதன்

கட்டுரை வெளியாகிவிட்டது. பதின்மூன்று, கூடக்குறைய மூன்று. பதினைந்து அதற்குள் அடங்கும். எட்டு அடங்காது.

ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. முழுவதும் படித்தேன். இரண்டாவது பிழையைச் சரியாகவே திருத்தியிருக்கிறாள்.

நவம்பர் 5, வியாழன்

மதியம் எறும்பு கீழ்த்தளத்துக்கு வந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு. கையில் அடுத்த ஆய்வின் வரைவு, தளர்ந்த ஜோடிகளைப் பற்றியது, எண்பது பக்கம்.

"உக்காருங்க" என்றேன்.

உட்காரவில்லை. "எனக்கு இன்னும் கோவம் போகல சார்" என்றாள். "ஆனா மத்தவங்க படிக்கமாட்டாங்க." மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாலைக்குள் பதினாறு பக்கம் முடித்தேன். மூன்று இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். ஒன்று விடையை இறக்கும். இரண்டு ஏற்றும்.