டாக்டரம்மாவின் காரும் மூன்று சிவப்புத் துணிகளும்

மார்ச் 4, செவ்வாய்

மற்ற டர்போ கார்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதுதான் 'புஸ்' என்று மூச்சு விடும். பல் டாக்டரம்மாவின் நீலக் கார் அழுத்தும்போதே விடுகிறது. இன்று பட்டறைச் சரிவில் ஏறி வரும்போது கேட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. வேலைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன்: 'அழுத்தும்போது காற்று கசிகிறது. இடது பக்கம்.'

அக்கா படித்துவிட்டு, "சைலன்சர், இது காதா, மைக்கா?" என்றாள்.

சைலன்சர் நான்தான். வெல்டர் அண்ணன் வைத்த பெயர். பட்டறை அக்காவுடையது. பாகங்களைக் கழுவுவதும் சீட்டு எழுதுவதும் என் வேலை.

மார்ச் 5, புதன்

நான் எழுதியது சரி. ப்ளோ-ஆஃப் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் தோல் கிழிந்திருந்தது. பழையது பிளாஸ்டிக். பதிலாக அலுமினியத்தில் நல்லதாகப் போடலாம் என்றாள் அக்கா.

அது எதற்கு என்று டாக்டரம்மா கேட்டார். "ஓடி வர்றவன் மூஞ்சியில கதவைச் சாத்தினா என்ன ஆகும்? நீங்க காலை எடுத்ததும் எஞ்சின் கதவைச் சாத்திடும். வேகமா வந்த காத்து திரும்பிப் போய், அதை உள்ளே தள்ளிவிட்ட டர்போவையே அடிக்கும். அதுக்குத்தான் பக்கத்துல ஒரு கதவு."

"அந்தக் கதவு வெளியே திறக்கிற மாதிரி போடு. சத்தத்துல தெருவே திரும்பிப் பாக்கணும்."

"உங்க வண்டிக்கு ஆகாது டாக்டர். வர்ற காத்தை வாசல்லயே எண்ணிட்டு, அதுக்கு ஏத்த பெட்ரோலை ஊத்துது. எண்ணின காத்தை வெளியே விட்டா, பத்துப் பேருக்குச் சமைச்சு ரெண்டு பேர் வந்த கதைதான். சிக்னல்ல திணறி நின்னுடும். காத்து உள்ளேயே திரும்பற வால்வுதான் போடுவேன்."

"நான் இனிப்பு சாப்பிடாதேன்னு சொன்னா யாராவது கேக்கறாங்களா?"

"கேக்காதவங்க உங்ககிட்டத் திரும்பி வர்றாங்க. இந்த வண்டி என்கிட்டத் திரும்பி வரக் கூடாது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். முடியாது என்பதைக்கூட எதிராளி சிரிக்கும்படி சொல்ல அக்காவுக்குத் தெரிகிறது. நானாக இருந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். நின்றேன். குரல் வரவில்லை. மறுநாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பார்சல் வரவில்லை. டாக்டரம்மா மூன்று முறை போன் செய்தார்.

மார்ச் 10, திங்கள்

வந்துவிட்டது! உள்ளங்கையில் அடங்குகிறது, ஆனால் கனம். உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கட்டை விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்புகிறது. இதைக் கடைந்தவர் யாரோ, கைவேலை சுத்தமானவர்.

நாளை மறுநாள் மாட்டுகிறோம். துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். கழற்றிய குழாயின் வாயில் சிவப்புத் துணி அடைக்க வேண்டும், வால் வெளியே தொங்க வேண்டும். இது பட்டறைச் சட்டம். வண்டியைக் கிளப்பும் முன் அக்கா "எத்தனை?" என்பாள். துணி அடைத்தவர் வைத்ததையும் எடுத்ததையும் எண்ணிச் சொல்ல வேண்டும். வேறெங்கோ ஒரு துணி உள்ளேயே தங்கி, டர்போ அதை இழுத்து, இறக்கையெல்லாம் நொறுங்கிப் போனதை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். எனக்கு மட்டும் சலுகை உண்டு. "வாயால வரலைன்னா விரலால காட்டு."

மார்ச் 12, புதன்

நடந்ததை வரிசையா எழுதணும்.

மூன்று வாய்கள் திறந்திருந்தன. மூன்றிலும் துணி வைத்தேன். டாக்டரம்மா பக்கத்தில் நின்று, "எவ்வளவு நேர்த்தியா செய்யறே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டர்போவுக்குப் போகும் குழாயில் தொங்கிய வால் அசிங்கமாகத் தெரிந்தது. உள்ளே மடித்துவிட்டேன். ஏன் மடிச்சேன்? யார் மடிக்கச் சொன்னது?

அக்கா வால் தெரிந்த துணிகளை உருவித் தட்டில் போட்டுவிட்டு வால்வை மாட்டினாள். வால் கண்ணில் படாததால் அந்தக் குழாயையும் மேலே செருகி இறுக்கினாள். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து "எத்தனை?" என்றாள்.

தட்டில் இரண்டு துணிகள். மறுபடி எண்ணினேன். இரண்டேதான். இரண்டு விரலைத் தூக்கினேன். திறந்த பானட்டுக்குப் பின்னால் இருப்பவளுக்கு என் விரல் எப்படித் தெரியும்?

அந்தப் பக்கத்திலிருந்து வெல்டர் அண்ணன், "மூணும் வந்தாச்சு, போடும்மா" என்றார். சாவி குலுங்கியது —

"ரெண்டு!"

என் குரல்தான். தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. "ரெண்டுதான்! ஒண்ணு உள்ள இருக்கு! போடாதக்கா!"

அக்கா இறங்கி வந்தாள். குழாயைக் கழற்றினாள். மூக்குக் குறடை விட்டுத் துணியை இழுத்தாள். முழுசாக வந்தது.

"வால் எங்கே?"

"மடிச்சுட்டேன்."

வீட்டுக்குப் போ என்பாள் என்று நினைத்தேன். "மடிச்சது உன் தப்பு. எண்ணாம சொன்னது உங்க தப்புண்ணே. விரலைப் பாக்காம சாவியைத் தொட்டது என் தப்பு." பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "எல்லாம் உங்க கண்ணு முன்னாடி நடந்தது. வேற இடத்துக்குக் கொண்டு போறதுன்னா போங்க, நான் வருத்தப்பட மாட்டேன்."

டாக்டரம்மா அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். "நானும் பஞ்சை எண்ணிட்டுத்தான் வாயை மூடச் சொல்றேன். மாட்டும்மா" என்றார்.

"சைலன்சர் வெடிச்சிருச்சுடா சாமி" என்று வெல்டர் அண்ணன் காதைப் பொத்திக் காட்டினார்.

வந்த வேலை கையை விட்டுப் போனாலும் போகட்டும் என்று யாராவது தன் தப்பைச் சொல்வார்களா? அக்கா சொன்னாள். அதுவும் நிமிர்ந்து நின்று.

மார்ச் 13, வியாழன்

டாக்டரம்மா என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். அழுத்தும்போது கசிவு இல்லை. காலை எடுத்ததும் உள்ளுக்குள் சின்னதாக 'ப்ஸ்', சுமையை இறக்கி வைத்தவர் விடும் மூச்சு மாதிரி. சிக்னலில் திணறவில்லை. "இவ்வளவுதானா சத்தம்?" என்று குறைப்பட்டவர், திரும்பி வருவதற்குள் இருபது முறையாவது காலை அழுத்தி அழுத்தி எடுத்தார்.

மார்ச் 14, வெள்ளி

வேறு வண்டி. நான்கு துணி, நான்கு வால். அக்கா என் எதிரிலேயே நின்று "எத்தனை?" என்றாள். விரலைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"நாலு வச்சேன். நாலு எடுத்தேன்" என்றேன்.