ஒரு பக்கம் தீரும்வரை

மட்டாஞ்சேரி
6.7.2025

அன்புள்ள ஆஷிஃபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலம்தானே? எங்கள் நலத்தைக் கேட்காதே. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா என் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. அதனால்தான் பாலக்காட்டுக்குச் சரக்கு கொண்டுவரும் ஷாகுல் ஹமீது மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சாஹிலுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. எடை மூன்று கிலோ எண்ணூறு. ஒரு மாதத்தில் நூறு கிராம்கூட ஏறவில்லை. நாளெல்லாம் குடிக்கிறான், பச்சையாக நுரைத்து வெளிக்குப் போகிறான், மறுபடி பசிக்கு அழுகிறான். ஐந்து நிமிடம் ஆனதும் மாமி கடிகாரத்தைப் பார்த்து, "மாத்து, அந்தப் பக்கம் பால் கட்டிக்கும்" என்கிறார். நேற்று என் பாலை டம்ளரில் பீய்ச்சிப் பார்த்துவிட்டு, "கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கு. இதக் குடிச்சு எந்தப் பிள்ள தேறும்?" என்றார். உன் அண்ணன் அனீஸ் தலையைக் குனிந்துகொண்டு சாயா குடித்தார். எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

உன் ஃபாத்திமா இரண்டே மாதத்தில் ஐந்து கிலோ என்றாயே. வந்து இவனுக்கும் கொடு. நீ ஒரு வாய் கொடுத்தாலும் மார்க்கப்படி அவர்கள் பால்குடி அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள், இருவருக்கும் பேசி வைத்த சம்பந்தம் போய்விடும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் மதினி
ரஃபீனா

பாலக்காடு
10.7.2025

பிரியமுள்ள மதினிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

என் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பள்ளியில் மலையாளம்தான் படித்தேன். உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டியது என் தப்பு. "பேர் வச்ச அன்னிக்குச் சபையில கொடுத்த வாக்கு. மீறிப் போனா திரும்பி வராத" என்றுவிட்டார். நான் எப்படி வருவேன்? என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு நர்ஸ் அமுதவள்ளிச் சேச்சியிடம் கேட்டேன். உங்கள் பாலில் குறையில்லை என்கிறார். முதலில் வருவது யாருக்கும் நீர்த்துத்தான் இருக்குமாம், கொழுப்பு போகப்போகத்தான் கூடுமாம். பாதியில் மாற்றினால் பிள்ளை இரண்டு பக்கமும் நீர்த்ததையே குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஒரு பக்கம் தீரட்டும், அவனாக விடட்டும், பிறகு மாற்றுங்கள்.

என் மூத்தவனுக்குக் கொடுக்கும்போது எனக்குப் பால் கட்டிச் சீழ் வைத்துக் கீறினார்களே, அதிலிருந்து அம்மாவுக்கு இந்தப் பயம். உங்கள்மேல் பகை இல்லை.

ஆஷிஃபா

மட்டாஞ்சேரி
14.7.2025

ஆஷிஃபா,

ஒரு நாள் அப்படிக் கொடுத்துப் பார்த்தேன். மாமி பிள்ளையைப் பிடுங்கி மறுபக்கம் போட்டார். "எம் மகள கத்தி வச்சுக் கீறுனப்ப நீயா பக்கத்துல நின்ன?" என்று கேட்டார். என் பேச்சு இங்கே எடுபடாது.

இன்று மூன்று கிலோ எழுநூறு. வியாழனுக்குள் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். விலா எலும்பு தெரிகிறது. அழுவதற்கும் அவனுக்குத் தெம்பில்லை. மாப்பிள்ளையே இல்லாமல் போனால் சம்பந்தத்தை யாருக்கு வைத்துக்கொள்வீர்கள்? பெற்ற வாயால் இதைச் சொல்கிறேன் பார். வா.

ரஃபீனா

மட்டாஞ்சேரி
26.7.2025

என் ஆஷிஃபாவுக்கு,

வைட்டிலாவில் பஸ் இறங்கி, ஃபாத்திமாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் சாஹிலை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாய். "எனக்குக் கட்டுனா மதினிக்கும் கட்டணுமாம்மா? பிள்ள பசியாறட்டும், விடுங்க" என்று நீ சொன்ன பிறகுதான் மாமி அழுதார். அன்றோடு மாற்றச் சொல்வதை விட்டுவிட்டார்.

நீ போன பிறகு இந்த எட்டு நாளும் என் பால் மட்டும்தான். ஒரு பக்கம் தீரும்வரை குடிக்கிறான். இன்று நான்கு கிலோவைத் தொட்டுவிட்டான், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். அப்படியென்றால் உன் பால் வேண்டியிருக்கவில்லை, ஆஷிஃபா. நீ வந்து அம்மாவிடம் சொல்லியிருந்தாலே போதும். நான்தான் கேட்கக்கூடாததைக் கேட்டு உன் குடும்பத்தைக் கலைத்துவிட்டேன். அனீஸ் போன் செய்தால் உன் வீட்டுக்காரர் எடுப்பதில்லை. உன்னை உள்ளே சேர்த்தாரா? ஒரு வரி எழுது.

ரஃபீனா

பாலக்காடு
9.8.2025

மதினி,

சேர்த்துக்கொண்டார். இனி மட்டாஞ்சேரிக்குப் போகக்கூடாது, போனும் கடிதமும் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சேர்த்தார். இதற்குப் பதில் போடாதீர்கள்.

வேண்டியிருக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று அவன் என்னைப் பற்றிக்கொண்டு குடித்ததை நீங்கள் பார்க்கவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன்.

இப்போது அவன் எனக்கும் பிள்ளை. மாதா மாதம் அவன் எடையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அனுப்ப வேண்டாம். என்றைக்காவது நான் வந்தால் எல்லாவற்றையும் உட்கார்ந்து வாசித்துக்கொள்கிறேன்.

ஆஷிஃபா