ஃபிரிட்ஜில் கோளாறு இல்லை

மாமா,

ஃபிரிட்ஜை மறுபடி போட்டுவிட்டேன். தயவுசெய்து அணைக்காதீர்கள். அது பழுதாகி உறுமவில்லை. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். காதுக்கு மெஷின் வந்த பிறகுதான் உங்களுக்குக் கேட்கிறது.

திரிந்த பாலைக் கொட்டிவிட்டேன். புதுப் பால் மேல்தட்டில் இருக்கிறது. பாப்பா எழுந்ததும் காய்ச்சிக் கொடுங்கள். உங்கள் சாப்பாடு அடுப்பின் மேல்.

"மாட்டினா தலைக்குள்ள சந்தை கூடுது மாப்ளே" என்று நேற்று மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டீர்கள். "அப்ப பாப்பா அழுதா யாருக்குக் கேக்கும்?" என்று நான் சீட்டில் எழுதிக் காட்டினேன். நான் இல்லாதபோதாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

மெஷின்காரர் மதியம் வருவார். எந்தச் சத்தம் இம்சையோ சொல்லுங்கள், குறைத்துத் தருவார். அவர் மணி அடிப்பது கேட்கவும் அதை மாட்டியிருக்க வேண்டும்.

வாசல் வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். சாவி செருப்பு அலமாரியில்.

இன்னொன்று. "இந்த வீட்ல ஃபிரிட்ஜ் பேசுது, குழாய் பேசுது, உங்க குரல் மட்டும் வரல. மெஷின் சரியில்ல மாப்ளே" என்றீர்களே, அதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் மகள் இறந்துபோனதிலிருந்து நான்தான் பேசுவதில்லை.

சாயங்காலம் நான் வரும்போது அது உங்கள் காதில் இருக்கட்டும்.