கேட்காமல் எழுதிய ஆறு மாதம்

அக்கா,

கார்பன் தாள் தேடி இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு கொடுத்த சத்தியக் கடதாசியின் பிரதி கையோடு வந்தது. அதன் ஓரத்தில் உங்கள் கணவரின் பெருவிரல் பட்ட சாம்பல் நிறப் பூச்சு இன்னும் போகவில்லை. டொக்யாட்டில் அவர் கப்பல்களுக்கு அடித்துக்கொண்டிருந்த பூச்சு. வேலை முடிந்து கை கழுவாமல் ஓடி வந்து தொட்ட தாள் அது. மூக்கருகே கொண்டுபோனேன், வாசம் ஒன்றும் இல்லை.

நீங்கள் காலமாகிவிட்டதாக இராமநாதபுரத்திலிருந்து உங்கள் மகன் எழுதிய கடிதம் போன மாதம்தான் கிடைத்தது. எனக்கு அறிவிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லி வைத்திருந்தீர்களாம். ஏன் என்று அவன் எழுதவில்லை. அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

இந்தத் தீவுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கணவர் தன்னோடு மனைவி பிள்ளையையும் சேர்த்து எழுத வேண்டும். மனைவி ஒரு வருடத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருந்தால் முழு விண்ணப்பமும் கெட்டுப்போகும். விண்ணப்பங்களைப் பார்த்த வக்கீல், புரொக்டர் ஐயாவிடம் கிளாக்கராக இருந்த நான், கேட்க வேண்டியதை எல்லாம் எழுதிக்கொண்டு துறைமுக மதிலுக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் இருந்த ஒரே கதிரையில் என்னை இருத்திவிட்டு உங்கள் கணவர் எதிரே நின்றார். நீங்கள் தேத்தண்ணீரோடு குசினி வாசலில் நின்றீர்கள்.

தலைப்பிரசவத்துக்கு இந்தியாவில் தாய் வீடு போனவர் எத்தனை மாதம் அங்கே இருந்தார் என்று உங்கள் கணவரிடம் கேட்டேன். கேள்வி உங்களைப் பற்றியது. நீங்களும் நாலடி தூரத்தில்தான் நின்றீர்கள். அடுத்தவர் மனைவியிடம் பிரசவக் கதை கேட்பது மரியாதையில்லை என்று எனக்கு அப்போது ஒரு பெரிய நினைப்பு. அவர் கூரையைப் பார்த்தபடி, ஒரு ஆறு மாதம் இருக்கும் என்றார். நீங்கள் வாய் திறக்கப் போனதைக் கண்டேன். கண்டும் குனிந்து எழுதினேன்.

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் விசாரணை நடந்த அன்று மகன் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதிகாரி அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நீங்கள் பயந்து பேசாமல் இருந்திருப்பீர்கள். அவர் சிரித்துக்கொண்டு மகனின் தலையைத் தடவி, இவனைக் கைக்குழந்தையாகவா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். நான் எழுதிய ஆறு மாதத்தைத்தான் சோதிக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"இல்லீங்க. கப்பல்லருந்து பலகையில அவனே நடந்து எறங்குனான்" என்றீர்கள், முகமெல்லாம் பெருமையோடு. "அப்பவே ஒன்னேகால் வயசு. எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்து போயிட்டாங்க. அதான் வர அவ்வளவு நாளாச்சு."

அதிகாரி நிறுத்தாமல் எழுதினார். புரொக்டர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"முதலே தெரிஞ்சிருந்தா தாயின்ர மரணச் சான்றிதழை வைச்சுக் கேட்டுப் பாத்திருக்கலாம். இப்ப பொய்ச் சத்தியமெண்டு ஆயிட்டுது" என்று ஐயா வெளியே வந்து என்னிடம் சொன்னார். உங்கள் கணவர் பயத்தில் ஆறு மாதம் என்றாரா, மறந்து சொன்னாரா, எனக்கு இன்றும் தெரியாது. நான் அவரைக் குறை சொல்லவும் ஏலாது.

விண்ணப்பத்தின் முடிவுக் கடிதம் வர எட்டு மாதம் எடுத்தது. அதுவரை தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டதாக உங்கள் கணவர் சொன்னார். கடைசியில் மறுப்புத்தான் வந்தது. அவர் இங்கே உழைத்த இருபது வருடமும் நீங்கள் தாயோடு இருந்த ஒன்றரை வருடத்தோடு அடிபட்டுப் போயிற்று. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக நீங்கள் ரயிலேறிய அன்று நான் ஸ்டேசனுக்கு வந்தேன். நீங்கள் ஏசவில்லை. யன்னலோரம் இருந்துகொண்டு ஒன்றுதான் சொன்னீர்கள்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி."

கார்பன் தாள் தேடியது அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக. அவளைக் கட்டிய மாப்பிள்ளை லண்டனில் இருந்து அவளைக் கூப்பிடுகிறார். விசாப் படிவத்தை நான் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஊர் நீங்கள் விட்டுப்போன ஊர் இல்லை அக்கா. சந்தியில் எந்நேரமும் இராணுவ ஜீப் நிற்கிறது. கடைகள் நினைத்தவுடன் பூட்டுப்படுகின்றன. மகளை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் தகப்பன் இருந்தார். கலியாணத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஒன்றாக வசித்தீர்கள் என்ற கேள்வி வந்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"மூண்டு மாசமெண்டு போடுங்கோ அண்ணை."

நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "நீ சொல்லு பிள்ளை."

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பதினொரு நாள்" என்றாள்.

அப்படியே எழுதினேன். தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அந்தப் படிவத்தை எந்த மேசையில் யார் சிரித்துக்கொண்டு வாசிக்கப் போகிறாரோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பதினொரு நாள் போதாது என்று சொல்லிவிடுவார்கள். அவள் இங்கேயே அகப்பட்டுக்கொள்ளவும் கூடும். அப்படி ஏதும் நடந்தால் அந்தப் பழியும் என்னோடுதான்.

ஆனால் கேட்டேன் அக்கா. அவளிடமே கேட்டேன்.