பாதிச் சாப்பாடு

அன்புள்ள அப்பா,

நிமோனியாவுக்குப் பிறகு ஏறிய சர்க்கரை, நான் சாக்லேட் தின்று வரவழைத்தது அல்ல. கிருமியோடு மல்லுக்கட்டிய உடம்பு இன்னும் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லையாம். உங்கள் பெண்ணின் உடம்பு வேறு எப்படி இருக்கும்?

நேற்று இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மதிய டப்பாவில் பாதிச் சாப்பாடுதான் இருந்தது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தேன். நீங்கள் வார்டு வாசலில் நின்று, "சுகர் குறையட்டும்னு நாந்தான் டப்பாவுல பாதிய எடுத்துட்டேன் சிஸ்டர்" என்று அழுதுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டீர்களாம்.

ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். வேலையை விடமாட்டேன், பட்டினியும் கிடக்கமாட்டேன்.

நாளை டப்பாவை நிரப்பிக்கொண்டு நேராகக் கட்டிலருகே வாருங்கள். நீங்கள் பார்க்கப் பார்க்கக் கடைசிக் கவளம்வரை சாப்பிடுவேன்.

உங்கள் அடங்காப்பிடாரி