மண்ணெண்ணெயில் கரைந்த கறை

வெள்ளி காலை

என்னங்க,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் கிள்ளானுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

உங்கள் வெள்ளைச் சட்டையில் இருந்த ரயில் பட்டறை கிரீஸ் எத்தனை முறை தண்ணீரில் அலசியும் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டதும் கரைந்துவிட்டது. அதே மண்ணெண்ணெயைச் சட்டைக் கையில் இருந்த சீனிப்பாகுக் கறையில் தேய்த்தேன், அசையவே இல்லை. அது தண்ணீரில் போய்விட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தண்ணித் துகளுக்கும் சீனித் துகளுக்கும் பாட்டரி மாதிரி ரெண்டு முனை இருக்கு, எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் இல்ல. எதுவும் தன்னைப் போல உள்ளதோடதான் கரையும், கெர்ட்ரூட்" என்று நேற்றுச் சண்டைக்கு நடுவில் சொன்னீர்களே. அது சட்டைக்கா, நமக்கா?

வாடை போகும்வரை சட்டையை விளக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

பி.கு: நீங்கள் சொன்னது சட்டைக்கு மட்டும்தான் என்றால், ஞாயிறு பூசைக்குக் கிள்ளான் மாதா கோவிலுக்கு வாருங்கள். நான் இரண்டு சேலைதான் எடுத்துப் போகிறேன்.